கறுப்புப் பையில் வைத்த தண்டை

கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம் அந்த வீட்டு வெள்ளிச் சாமான்களை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். குங்குமச் சிமிழ் ஒன்று. சந்தனக் கிண்ணம் ஒன்று. காமாட்சி விளக்கு ஒன்று, மூக்கு சற்று இடப்பக்கம் சாய்ந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று. குழந்தையின் அரைஞாண் ஒன்று. குழந்தையின் தண்டை ஒரு ஜோடி. யாரும் எழுதச் சொல்லவில்லை. சாயப்பட்டறை லேபில் வேலை பார்ப்பவளுக்கு எதையும் எழுதிவைத்தால்தான் அது இருப்பதாகத் தோன்றும்.

வீடு பல்லடம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் பட்டறை. வட்ட மிஷின்கள் இரவும் பகலும் ஒரே சுருதியில் ஓடும். சில நாட்களில் அந்தச் சத்தம் நமக்குள்ளிருந்தே வருவதுபோல் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நிற்கும். நின்றதும் வீட்டுக்குள் ஒளிந்திருந்த சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். குழாய் சொட்டுவது, பால் பொங்குவது, அத்தையின் கண்ணாடி வளையல். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டிருக்கும். வெள்ளி தேய்க்க எனக்கு அந்த நேரம்தான் வாய்த்தது.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. மாமனார் ரொம்ப வருடங்களுக்கு முன்பே இல்லை. அத்தை ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். ஒரு நாளைக்கு ஆயிரம் பனியனைத் திருப்பிப் பார்த்து ஓட்டையும் கறையும் கண்டுபிடிக்கிற கண். வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. சிமிழின் அடியில் நகம் அளவு மங்கல் இருந்தாலும், "அம்மிணி, இங்கொரு டேமேஜ் இருக்குது பாரு" என்பார்.

எங்கள் சந்தில் வெள்ளி சீக்கிரம் மங்கும். மழைக்கு முந்தைய நாட்களில் சாக்கடையிலிருந்து ஒரு வாடை ஏறும். இரண்டு வாரத்தில் விளக்கின் மேல் டீக்கறை போல மஞ்சள் படரும், பிறகு அது தவிட்டு நிறமாகும். அத்தை திருநீற்றைத் தொட்டு, பழைய வேட்டித் துணியால் தேய்ப்பார். நான் வந்த பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தங்கம், பிறகு வெள்ளி. தங்கச் சங்கிலிக்குப் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீர், முடி தேய்ந்த பல் துலக்கும் பிரஷ். அத்தையின் கல் தோட்டைத் தண்ணீரில் போடவே கூடாது. பின்பக்கம் மூடிய கல், உள்ளே ஈரம் போனால் கல் ஒளி மங்கிக் குருடாகிவிடும். அதை ஈரத்துணியால் ஒற்றி மட்டும் எடுக்க வேண்டும். முத்து வைத்த மூக்குத்திக்குச் சோப்பு ஆகாது. வெள்ளிக்கு வெள்ளைப் பல்பொடியைக் குழைத்து, ஒரே திசையில் தேய்க்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. துடைத்ததும் நிழலில் காயவேண்டும். தங்கம் தண்ணீருக்குள் கிடக்கும்போது அதன் மேல் ஏறி வரும் நுரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வாரம் முழுக்க லேபில் கண்ணாடிக் குப்பிகளில் சிவப்பும் நீலமும் பார்க்கிற கண்ணுக்கு அந்த நிறமில்லாத நுரை ஒரு தூக்கம் மாதிரி இருந்தது.

தண்டை ஜோடியை மட்டும் அத்தை என்னிடம் தரமாட்டார். அதைத் தானே எடுத்து, தானே துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுருட்டி வைப்பார். குழந்தைக் காலுக்கான சின்ன வளையங்கள் அவை. ஒரு பக்கம் வாய் திறந்தவை. உள்ளே பரல் இருக்கும். துடைக்கும்போது அது மெல்ல உருளும். அந்தச் சத்தம் கேட்டால் அத்தை பேச மாட்டார் என்பதை மூன்று ஞாயிறுகளில் தெரிந்துகொண்டேன்.

மீதியை வீட்டுக்காரர் சொன்னார். தண்டை அவருடைய அக்காவுக்கு, பிறந்தபோது போட்டது. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். நங்கையா ஒரு கம்பெனியில் டெய்லராக இருந்தபோது, உடன் வேலை பார்த்த நாகர்கோவில் பக்கத்துக்காரரைச் சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டார். அன்று சாயங்காலம் இருவரும் வாசலுக்கு வந்து நின்றபோது அத்தை, "இனி இந்த ஊட்டுப் படியை மிதிச்சராதே" என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு வாக்கியம். ஐந்து வருடம் ஆகிவிட்டது. நங்கையாவின் வீடு இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளித்தான். அவருக்குப் பெண் குழந்தை பிறந்ததும் தெரியும். குழந்தை பிறந்தால் அம்மா வீட்டிலிருந்து வெள்ளி கொண்டுபோய்ப் போடவேண்டும். அத்தை போகவில்லை. போகக் கால் வரவில்லையா, வாய் வரவில்லையா, அது எனக்குத் தெரியாது. தண்டையை மட்டும் மாதம் தவறாமல் துடைத்தார்.

அந்தத் தை மாதம் நான் பைகள் தைத்தேன். லேபில் சோதித்து முடித்த கறுப்புத் துணி நிறைய மீந்திருந்தது. உள்பக்கம் பூனை முதுகு மாதிரி மெத்தென்ற துணி. அதன் சோதனைகள் எல்லாம் நானே செய்தவை. சோப்புத் தண்ணீரில் கறுப்பு இறங்கவில்லை. வெள்ளைத் துணியால் தேய்த்தாலும் ஒட்டவில்லை. வேர்வைக்கும் நிற்கிறது. இதைவிட நல்ல துணி வெள்ளிக்குக் கிடைக்காது என்று நினைத்தேன். ஏழு பை தைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை நூலால் எண் போட்டு, நோட்டில் எந்த எண் எதற்கு என்று குறித்தேன். இறுக மூடும் ஒரு பிஸ்கட் டின்னும் வாங்கினேன்.

"காத்துப் பட்டாத்தானுங்க அத்தை மங்குது. இதுல போட்டு மூடிட்டா தீபாவளி வரைக்கும் தொறக்கவே வேண்டாம்" என்றேன்.

அத்தை ஒரு பையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து வேட்டித் துணிச் சுருளை எடுத்துவந்தார். "இதுக்கும் தெச்சிருக்கறயா?"

"ஆறாவதும் ஏழாவதும் அதுக்குத்தானுங்க."

சுருளைப் பிரித்துத் தண்டைகளை என் கையில் வைத்தார். பளிச்சென்று இருந்தன. அவ்வளவு நாள் கொடுக்காததைக் கொடுக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்தேன்.

ஆடி மாதக் கடைசியில் ஒருநாள் அத்தை வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். பஸ்ஸில் நங்கையாவைப் பார்த்திருக்கிறார். கூட்டத்தில் முன்பக்கம் நின்றிருந்தாராம், இடுப்பில் குழந்தை. இவர் பின்பக்கம். கூப்பிடவில்லை. நங்கையா இறங்கும்போது குழந்தையின் கால் மட்டும் கம்பிக்கு நடுவில் தெரிந்திருக்கிறது.

"வெறுங்காலு, அம்மிணி. ஒரு கறுப்புக் கயிறுகூட இல்ல."

ராத்திரி சாப்பிடும்போது மகனிடம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "உங்க அக்காளுக்கு ஒரு போனைப் போடு. ஞாயித்துக்கெழமை வரட்டும். நாஞ் சொன்னேன்னு சொல்லு." பிறகு, "பதனோரு மணிக்கு வரச் சொல்லு" என்றார். நேரம் சொன்னால்தான் அது நிஜமாக நடக்கும் என்பதுபோல.

அந்த ஞாயிறு, மிஷின்கள் நின்ற அமைதியில், ஒன்பது மணிக்கு டின்னைத் திறந்தேன். முன்பே பார்க்கத் தோன்றவில்லை. என் சோதனைகளின் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆறாம் எண் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். உள்ளங்கையில் விழுந்தது கரி மாதிரி இருந்தது. பையில் இருந்த கறுப்பையே திரட்டி வளையமாக வார்த்ததுபோல். ஏழாவதும் அப்படித்தான். விளக்கு, சிமிழ், பாலாடை எல்லாமே. பாலாடையின் கறுப்பில் மட்டும் ஓரத்தில் மயில்கழுத்து நிறம் ஓடியது. அழகாக இருந்தது என்று ஒரு கணம் நினைத்ததை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கணம் புரிந்தது. அந்தக் கறுப்பு சல்பர் பிளாக். கந்தகத்தைக் கொண்டு செய்கிற சாயம். லேபில் துணியின் சோதனைச் சீட்டில் என் கையெழுத்திலேயே அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். வெள்ளிக்குக் கந்தகம் ஆகாது என்பது டிப்ளமோ முதல் வருடப் பாடம். தண்ணீருக்குச் சோதித்தேன், வேர்வைக்குச் சோதித்தேன், வெள்ளிக்குச் சோதிக்கவில்லை. காற்று போகாமல் மூடிவேறு வைத்தேன், ஊறுகாய் போட்ட மாதிரி.

அத்தை பின்னால் வந்து நின்றதை உணர்ந்தேன். அவர் கத்தவில்லை. ஒரு தண்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பனியனைப் பார்ப்பதுபோல்.

"அஞ்சு வருசமாக் குப்பைக்குழில கெடந்தாப்பல இருக்குது" என்றார். "இதைப் போய் எப்படிக் கண்ணு அவகிட்டக் குடுக்கறது? என்னைய நெனைக்கவே இல்லன்னுதானே நெனப்பா?"

"பதினோரு மணிக்குள்ள வெள்ளையாக்கிடலாங்க அத்தை."

"ஆகுமா?"

"ஆகுங்க."

அவர் திருநீற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் தேய்த்ததில் அவர் விரல்கள் கறுத்தன, தண்டை அப்படியே இருந்தது. நான் ஸ்டவ் அடுப்பைக் கூடத்துக்கு எடுத்துவந்து பற்றவைத்தேன். அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதித்ததும் உப்பு ஒரு கரண்டி, துவைக்கிற சோடா இரண்டு கரண்டி. வெள்ளி சட்டியின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடக்கவேண்டும், அப்போதுதான் வெள்ளியைப் பிடித்திருக்கும் கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும். தண்டையை நேராகப் போட மனம் வரவில்லை. லேபில் பெரிய தொட்டிக்கு முன் சின்னத் துண்டு ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் பழக்கம். முதலில் சிமிழின் மூடியைப் போட்டேன். சரியாக வந்தது. பிறகு சிமிழ். பிறகு, இன்னும் பயம் தெளியாமல், கிண்ணம். நேரம் போய்க்கொண்டிருந்தது.

சட்டியிலிருந்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"என்ன அம்மிணி, பல்லடத்துக் கோழிப்பண்ணையை ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டே."

"அது போற வாடைங்க அத்தை. வெளிய வந்தாத்தானுங்களே போகும்."

"போறது சொல்லாமப் போகாதாக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல்களைத் திறந்துவைத்தார். அன்று காலையில் அவர் முதலில் சிரித்தது அப்போதுதான்.

பிறகுதான் முதல் தண்டையைப் போட்டேன். கறுப்பு மேகம் போல் பிரிந்து போகவில்லை, படம் கழுவும்போது தெரிவதுபோல் உள்ளிருந்து மெதுவாக வெள்ளை எழுந்துவந்தது. முதலில் விளிம்பு, பிறகு செதுக்கியிருந்த கொடி, கடைசியாக வாயின் இரு முனைகள். நானும் அத்தையும் சட்டிக்கு மேல் தலை குனிந்து, ஆவி முகத்தில் அடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். எடுத்துத் துடைத்து ஆட்டியபோது சத்தம் வரவில்லை. பரல்களுக்கு நடுவில் தண்ணீர் புகுந்திருந்தது. அத்தையின் முகம் வாடியதைப் பார்த்து, "காஞ்சா வந்துருங்க" என்றேன்.

இரண்டாவதைக் கையில் எடுத்தபோது வாசலில், "அம்மா" என்று குரல் கேட்டது. மணி பத்துதான்.

நங்கையா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கையில் பழப்பை, பக்கத்தில் குழந்தை. கேட் திறந்துதான் கிடந்தது. படிக்கு ஒரு அடி முன்னால் செருப்பின் நுனியை நிறுத்தி வைத்திருந்தார்.

"பஸ்ஸு சீக்கிரம் கெடச்சிருச்சுங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

அத்தை எழுந்து போனார். வாசல்வரை போனார். 'உள்ளே வா' என்பதுதான் சொல்லவேண்டியது. கறுத்த இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "கையெல்லாம் கரி. தொடக்கூட முடியாது பாரு" என்றார்.

நங்கையா அந்தக் கைகளைப் பார்த்தார். "என்னங்கம்மா, இத்தனை வருசம் கழிச்சு வந்தா, ஊட்டுல இப்படி நாத்தம் அடிக்கற சமையலா?"

"உள்ள வந்து கேளு" என்றார் அத்தை. அப்படித்தான் அந்தப் படி மிதிக்கப்பட்டது.

குழந்தை நேராகச் சட்டிக்கு வந்தது. அப்பாவின் பேச்சு அதன் வாயில். "ஆச்சி, இது என்னது காய்ச்சுதிய?"

"ஆச்சியாமா!" அத்தைக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "அம்மாயின்னு கூப்புடு சாமி."

"சரி ஆச்சி" என்றது குழந்தை.

நங்கையா இன்னும் உட்காரவில்லை. தரையில் விரித்திருந்த துணியில் கறுத்த தண்டையைப் பார்த்துவிட்டார். குனிந்து எடுத்தார். எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கட்டைவிரலால் அதன் மேல் ஒருமுறை தடவினார். கறுப்பு விரலில்கூட ஒட்டவில்லை. அவர் முகம் இறுகிப்போனதைப் பார்த்தேன். அத்தை பயந்தது அந்த முகத்தைத்தான்.

"இப்படியே கெடந்துச்சுங்களா?" என்றார்.

அத்தை என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நாந்தான் கவனிக்கல. வெச்ச எடத்துலயே மறந்துட்டேன்" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றினார். வந்து ஒரு வருடம்கூட முடியாத மருமகள், படித்தவள், நாத்தனார் முன்னால் தலை குனியக்கூடாது என்று. அதற்காக, ஐந்து வருடமாக மாதம் தவறாமல் துடைத்ததை ஒரே வாக்கியத்தில் இல்லாமல் செய்துவிட்டார். முன்பும் ஒரு வாக்கியம்தான் அவரைக் கெடுத்தது.

எனக்குத் தவறை ஒப்புக்கொள்வது எளிதில் வராது. லேபில் ஒரு சாயத்தின் ஷேடு கெட்டால், தண்ணீர், நூல், மிஷின், ஆள் என்று வரிசையாகத் தேடிவிட்டுத்தான் என் பெயருக்கு வருவேன். அன்று வரிசை பார்க்கவில்லை.

"இல்லீங்க நங்கையா. தை மாசம் வரைக்கும் இது கண்ணாடி மாதிரி இருந்துச்சுங்க. மாசாமாசம் அத்தைதான் தொடைப்பாங்க. என்னைத் தொடக்கூட விடமாட்டாங்க. நாந்தான் பை தெச்சு, அதுல போட்டுக் கெடுத்தேன்."

"நீ சும்மா இரு கண்ணு" என்றார் அத்தை.

நான் பையை எடுத்து நங்கையாவிடம் நீட்டினேன். அவர் வாங்கி உள்ளே கையை விட்டார், தையலைத் திருப்பிப் பார்த்தார், பிறகு மூக்கருகே கொண்டுபோனார். பத்து வருடமாகத் துணியோடு கிடப்பவர்.

"சல்பர் பிளாக்குங்களா?"

"ஆமாங்க."

"நீங்க எங்க வேலைக்குப் போறீங்க?"

"டையிங்ல. லேபுங்க."

நங்கையா என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், வெள்ளை நூலில் போட்டிருந்த ஏழாம் எண்ணைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. "நம்பர் போட்டு வெச்சுக் கெடுத்திருக்கறாங்க பாருங்கம்மா!" என்று சொல்லிச் சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த தண்ணீர் மட்டும் இல்லை. பிறகு சிரிப்பு அடங்கியதும், தணிந்த குரலில், அம்மாவிடம் இல்லாமல் என்னிடம் கேட்டார்: "மாசாமாசமா?"

"ஒரு மாசம் தவறலைங்க."

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். டம்ளர்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

வெளுத்த தண்டையை நங்கையா குழந்தையின் காலில் மாட்டிப் பார்த்தார். போகவில்லை. மூன்று வயதுக் கால் அது. காபியோடு வந்த அத்தை அடுப்படி நிலையிலேயே நின்று அதைப் பார்த்தார். சாயத்தால் வந்த தவறு அல்ல அது. காலம் தாண்டிவிட்டது. குழந்தைதான் தண்டையைப் பிடுங்கி, கையை உள்ளே விட்டு, மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டது. சரியாக நின்றது. கையை ஆட்டியது. உள்ளே தண்ணீர் கொஞ்சம் காய்ந்திருக்கவேண்டும். மழைக்குள் இருந்து வருவதுபோல், பரல் ஒன்று இரண்டு உருண்டன.

"ஆச்சி, சத்தம் கேக்கா?"

"கேக்குது சாமி" என்றார் அத்தை. "நல்லாக் கேக்குது."

சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் நங்கையா கிளம்பினார். இரண்டாவது தண்டை இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தது. தண்ணீரைச் சூடு பண்ணினால் பதினைந்து நிமிடம் என்றேன். நங்கையா வேண்டாம் என்றார். "அது இங்கயே இருக்கட்டுங்க. வர்ற ஞாயித்துக்கெழமை வந்து நானே கையால தேச்சுக்கறேன்."

அத்தை அதை அலமாரியில், கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார். ஒரு சின்ன மங்கலைப் பொறுக்காதவர் அந்தக் கறுப்பை ஒரு வாரம் தினமும் தாண்டிப் போனார். சனிக்கிழமை நான், "சட்டியில ஒரு தடவை போட்டு எடுத்துரட்டுங்களா அத்தை?" என்று கேட்டேன்.

"கையை வெச்சராதே" என்றார் அவசரமாக. "அது அவ வேலை."

நங்கையா வந்தார். திருநீற்றைத் தொட்டுக் கொஞ்சம் தேய்த்தார், நிறையப் பேசினார், வெளுத்தது ஒரு ஓரம். மறு வாரம் இன்னொரு ஓரம். அந்தத் தண்டை முழுதாக வெள்ளையாக ஏழு ஞாயிறு ஆனது. நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.